களைத்த இதயத்தின் மேல் விழும் சாட்டை

மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமையன்று, ஆலயத்திற்கு வர இயலாத முதியோருக்கும் நோயாளருக்கும் நற்கருணை கொண்டு செல்வது நம் பங்குகளில் வழிவழியாக உள்ள வழக்கம். வேங்கிக்காலில் இந்தச் சுற்று சற்று நீண்டது. மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இங்கே இருப்பதால், அரசுப் பணியில் இருந்து ஓய்வு பெற்ற பலர் இப்பகுதியிலேயே மனை வாங்கி வீடு கட்டிக் குடியிருக்கின்றனர். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு டிசம்பர் மாத முதல் வெள்ளியன்று அத்தகைய வீடொன்றின் முன்னே நான் சென்றபோது, வீட்டம்மா வாசலுக்கே ஓடி வந்தார்.

"சாமி, நாலு நாளாக இவர் கட்டிலில் படுக்கவில்லை. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று நாற்காலியிலேயே உட்கார்ந்து விடிய வைக்கிறார்" என்றார்.

உள்ளே அவர் நாற்காலியில் முன்பக்கம் சாய்ந்தவாறு அமர்ந்திருந்தார். கால்கள் இரண்டும் வீங்கி மினுமினுத்தன. கணுக்காலை விரலால் அழுத்தினால் குழி விழுந்து, அக்குழி நிரம்ப நெடுநேரம் பிடித்தது. ஒரு சொல்லுக்கும் மறு சொல்லுக்கும் இடையே மூச்சு வாங்கினார். நோயில்பூசுதல் கொடுத்துவிட்டு, உடனே வண்டி பிடித்து அவரை மருத்துவமனைக்கு அனுப்பினோம்.

இவரை நான் நன்கு அறிவேன். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதே நோயால் மருத்துவமனையில் கிடந்து, பல மாத்திரைகளோடு வீடு திரும்பியவர். ஓராண்டு ஒழுங்காக மருந்து உண்டார். அதன்பின் எடுத்த எக்கோ பரிசோதனையில் இதயம் பெரிதும் தேறியிருப்பதாகத் தெரிந்தது. அந்த மகிழ்ச்சியில், செப்டம்பர் 8ஆம் நாள் அன்னையின் பிறப்புப் பெருவிழாவுக்கு வேளாங்கண்ணி சென்று நன்றி செலுத்தினார். திரும்பி வந்ததும் ஞாயிறு திருப்பலியின் முடிவில் மக்கள் முன் நின்று, மாதா தமக்குச் சுகம் தந்ததைச் சாட்சியாகச் சொன்னார். நானும் அடுத்த வார மறையுரையில் அதை எடுத்துச் சொல்லி இறைவனைப் புகழ்ந்தேன். அவர் சொல்லாமல் விட்டதும் நான் கேட்காமல் விட்டதும் ஒன்றுண்டு. வேளாங்கண்ணியில் இருந்து திரும்பிய மறுநாளே அவர் எல்லா மாத்திரைகளையும் நிறுத்திவிட்டார். சுகம் கிடைத்த பிறகும் மாத்திரை விழுங்குவது மாதாவை நம்பாததாகும் என்று அவருக்குத் தோன்றியதாம். போதாக்குறைக்கு, "இது பிரஷர் மாத்திரைதானே, உங்களுக்குத்தான் பிரஷரே இல்லையே" என்று மருந்துக் கடையில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். மூன்று மாதங்கள் சென்றன. நாற்காலியில் விடிய வைக்கும் நிலை வந்தது.

அவர் பிழைத்தார். ஆனால் 'மாத்திரையை விடாமல் சாப்பிடுகிறீர்களா?' என்ற ஒரு கேள்வியை அந்த ஞாயிறன்று நான் கேட்டிருக்கலாமே என்ற எண்ணம் என்னை விடவில்லை. அந்நோயைப் பற்றிப் பிறகு மருத்துவர்களிடம் கேட்டும் படித்தும் அறிந்தவற்றை நம் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். மருந்தின் அளவையும் வகையையும் உங்கள் மருத்துவரே முடிவு செய்வார். அந்த மருந்து உடலுக்குள் என்ன செய்கிறது என்பதை மட்டுமே நான் எழுதுகிறேன்.

முதலில் பெயரைத் தெளிவாக்கிக்கொள்வோம். மாரடைப்பு வேறு, இதயச் செயலிழப்பு வேறு. இதயத்திற்கே இரத்தம் கொண்டு செல்லும் குழாய் திடீரென அடைபடுவது மாரடைப்பு. இதயத்தசை வலுவிழந்து, உடலுக்கு வேண்டிய இரத்தத்தை இறைத்துத் தர இயலாமல் போவதே 'ஹார்ட் ஃபெயிலியர்' என்னும் இதயச் செயலிழப்பு. மாரடைப்பில் தசை மடிந்தவர்களுக்கு இது பின்னாளில் வருவதுண்டு. நெடுங்கால இரத்த அழுத்தம், சிறுவயதில் மூட்டுவாதக் காய்ச்சலால் கெட்ட வால்வுகள், மது ஆகியவையும் காரணமாகலாம். நல்ல இதயத்தின் இடக் கீழறை தன்னுள் நிரம்பிய இரத்தத்தில் பாதிக்கு மேல், ஏறக்குறைய நூற்றுக்கு 55 முதல் 70 பங்கு வரை, ஒவ்வொரு துடிப்பிலும் வெளித்தள்ளும். நாம் இங்கே பேசும் நோயாளருக்கு அது 40க்கும் கீழே இறங்கிவிடும். இந்த அளவு குறையாமலே வரும் செயலிழப்பும் உண்டு. அதற்குரிய மருத்துவம் ஓரளவு வேறானது.

இதயம் தளர்ந்தால் உடல் என்ன செய்கிறது? இங்கேதான் வியப்பான, வேதனையான செய்தி இருக்கிறது.

விடுதலைப் பயண நூலின் 5ஆம் அதிகாரத்தை நினைத்துப் பாருங்கள். எகிப்தில் அடிமைகளாக இருந்த இஸ்ரயேல் மக்கள் செங்கல் அறுத்தார்கள். பார்வோன் அவர்களுக்கு வைக்கோல் தருவதை நிறுத்தினான். ஆனால் அறுக்க வேண்டிய கற்களின் எண்ணிக்கையைக் குறைக்கவில்லை. கணக்குக் குறைந்தபோது மேற்பார்வையாளர்களுக்கு அடி விழுந்தது. தளர்ந்த இதயத்திற்கு உடல் செய்வதும் ஏறத்தாழ இதுவே. கசையடி கொடுப்பவை நம் உடலிலேயே ஊறும் ஹார்மோன்கள், அதாவது இயக்குநீர்கள்.

அவற்றுள் மூன்றை அறிந்தால் போதும். நரம்பு முனைகளில் இருந்தும், சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியில் இருந்தும் வரும் அட்ரினலின், நார்அட்ரினலின் வகை முதலாவது. இது இதயத்தை வேகமாகவும் வலுவாகவும் துடிக்க வைக்கும். இரண்டாவது ஆஞ்சியோடென்சின், இரத்தக் குழாய்களை இறுக்கும். மூன்றாவது ஆல்டோஸ்டீரோன், உப்பையும் அதனோடு நீரையும் வெளியே விடாமல் உடலில் தேக்கும்.

இவை தீயவை அல்ல. வயலில் அரிவாள் பட்டு இரத்தம் பீறிடும்போதும், வாந்தி பேதியில் உடல் வறளும்போதும் உயிரைக் காப்பவை இவையே. ஆனால் அவை சில மணி நேரத்துக்கோ சில நாள்களுக்கோ உரிய ஏற்பாடு. தளர்ந்த இதயத்தில் இருந்து சிறுநீரகத்திற்கு இரத்தம் குறைவாக வரும்போது, உடல் அதைக் காயத்தால் நேர்ந்த இரத்த இழப்பென்றே தவறாகக் கொள்கிறது. ஆகவே, இதயத்தை விரட்டு, குழாயை இறுக்கு, நீரைத் தேக்கு என்ற ஆணைகள் மாதக்கணக்காக, ஆண்டுக்கணக்காக ஓயாமல் பிறக்கின்றன. இறுகிய குழாய்களை எதிர்த்து, கூடுதலான நீரைச் சுமந்து, கூடுதலான வேகத்தில் உழைக்க வேண்டிய இதயத்தில் தசையணுக்கள் மடிகின்றன. அவ்விடத்தில் நார்த்திசு படர்கிறது. அறை பெருத்துத் தளர்கிறது. தளர்ச்சி கூடக் கூட ஹார்மோன்களும் கூடுகின்றன. 1984இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவைச் சேர்ந்த ஜே கோன் என்ற மருத்துவரின் குழு 106 நோயாளரின் இரத்தத்தைச் சோதித்தது. எவருடைய இரத்தத்தில் நார்அட்ரினலின் மிகுதியோ அவரே விரைவில் இறந்தார் என்று அது கண்டது.

இந்தச் சாட்டையைத் தடுப்பது எப்படி? ஹார்மோன் என்பது ஒரு சாவி. அது பொருந்துவதற்கென்று உயிரணுவின் மேற்பரப்பிலோ உள்ளேயோ ஒரு பூட்டு உண்டு. அதை 'ஏற்பி' என்பர். பூட்டுக்குள் நுழையும், ஆனால் அதைத் திருப்பாத ஒரு போலிச் சாவியை முன்கூட்டியே செருகிவிட்டால், உண்மைச் சாவி வெளியே காத்து நிற்கும். ஆணை உள்ளே போய்ச் சேராது. இதயத்தைக் காக்கும் முக்கியமான மாத்திரைகள் பலவும் இத்தகைய போலிச் சாவிகளே. இவற்றுள் சில இரத்த அழுத்தத்திற்கும் தரப்படுபவை. ஆனால் செயலிழப்பு உள்ளவருக்கு அவை தரப்படுவது இதயத்தை அடியினின்று காக்கவே. 'எனக்குப் பிரஷர் இல்லையே' என்பது அவற்றை நிறுத்தக் காரணமாகாது.

அட்ரினலினுக்கு ஆல்பா, பீட்டா என இருவகை ஏற்பிகள் உண்டென்று அமெரிக்கரான ரேமண்ட் ஆல்குவிஸ்ட் 1948இல் எழுதியபோது பெரும்பாலோர் பொருட்படுத்தவில்லை. அதைப் பொருட்படுத்தியவர் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜேம்ஸ் பிளாக். மாரடைப்பால் தந்தையை இழந்தவர் அவர். பீட்டா ஏற்பியை அடைக்கும் புரோபிரனலால் என்ற மருந்தை அவர் உருவாக்க, அது 1960களின் நடுவில் நெஞ்சுவலி நோயாளருக்கு வந்தது. 1988இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஆனால் இதயச் செயலிழப்பு உள்ளவருக்கு இம்மருந்து கூடவே கூடாது என்றுதான் மருத்துவப் பாடநூல்கள் நெடுங்காலம் எச்சரித்தன. அதில் நியாயமும் இருந்தது. தள்ளாடி நடக்கும் மாட்டை ஓட்டுகிறவனின் கையைப் பிடித்துக்கொண்டால் வண்டியே நின்றுவிடாதா? 1975இல் ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரில் ஃபின் வாக்ஸ்டைன் என்ற மருத்துவரும் அவர் தோழர்களும் இந்த எச்சரிக்கையை மீறி, ஏழே ஏழு நோயாளருக்குப் பீட்டா ஏற்பி அடைப்பானைக் கொடுத்து, அவர்கள் தேறியதாக எழுதினர். உலகம் எளிதில் நம்பவில்லை. ஏறத்தாழ கால் நூற்றாண்டு சென்றபின் 1999இல் இரண்டு பெரும் ஆய்வுகள் வெளிவந்தன. ஒன்றில் 2,647 நோயாளருக்குப் பிசோப்ரோலாலும், மற்றதில் 3,991 பேருக்கு மெட்டோப்ரோலாலும் சோதிக்கப்பட்டன. இரண்டிலும் மருந்து பெற்றோரிடையே இறப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. சாட்டை நின்றதும் மாடு படுத்துவிடவில்லை, இளைப்பாறி வலுப்பெற்றது.

பழைய எச்சரிக்கை முழுப் பொய்யும் அன்று. இம்மருந்தை ஒரேயடியாக முழு அளவில் கொடுத்தால் தளர்ந்த இதயம் தாங்காது. ஆகவே கார்வெடிலால் என்ற மாத்திரையை 3.125 மில்லிகிராம் என்ற மிகச் சிறிய அளவில் நாளுக்கு இருமுறை தொடங்கி, இரண்டு வாரத்திற்கு ஒருமுறை இரட்டிப்பாக்கி, இயன்றால் 25 மில்லிகிராம் வரை உயர்த்துவர். முதல் சில வாரங்களில் நோயாளிக்குக் களைப்பு சற்றுக் கூடவும் செய்யலாம். 'மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை' என்று பலர் கைவிடுவது இந்த வாரங்களில்தான். பலன் தெரியச் சில மாதங்கள் ஆகும் என்று முன்பே சொல்லப்பட்டவர்கள் பொறுத்துக்கொள்கிறார்கள்.

ஆஞ்சியோடென்சினின் கதை ஒரு பாம்பில் தொடங்குகிறது. பிரேசில் நாட்டின் ஜராராக்கா என்னும் விரியன் கடித்தால் இரத்த அழுத்தம் சரிந்துவிடும். அதன் நஞ்சை 1960களில் ஆராய்ந்த செர்ஜியோ ஃபெரேராவின் பணி, ஆஞ்சியோடென்சின் உண்டாவதையே தடுக்கும் மாத்திரைகள் பிறக்க வழி திறந்தது. பாலைநிலத்தில் மோசே உயர்த்திய வெண்கலப் பாம்பை நோக்கியவர்கள் பிழைத்ததாக எண்ணிக்கை நூலில் படித்திருக்கிறோம். பாம்பின் நஞ்சில் இருந்தே மருந்து வந்ததைப் படித்தபோது எனக்கு அப்பகுதிதான் நினைவுக்கு வந்தது. 1987இல் வட ஐரோப்பிய நாடுகளில் நிலை மிக முற்றிய 253 நோயாளரிடம் எனாலாப்ரில் என்ற மாத்திரை சோதிக்கப்பட்டது. வெற்று மாத்திரை பெற்றவர்களில் ஆறு மாதத்தில் நூற்றுக்கு 44 பேர் இறந்தனர். எனாலாப்ரில் பெற்றவர்களில் 26 பேர்.

நோய் அவ்வளவு முற்றாதவர்களுக்கும் இது பயன்படுமா என்ற வினாவுக்கு விடை தந்த 1991ஆம் ஆண்டின் பேராய்வை முன்னின்று நடத்தியவர் நமக்கு அண்டைவீட்டுக்காரர். கேரளத்தின் கொட்டாரக்கரையில் 1952இல் பிறந்த சலீம் யூசுஃப், பெங்களூரு தூய யோவான் மருத்துவக் கல்லூரியில் பயின்று 1976இல் பட்டம் பெற்றவர். இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 1963இல் தொடங்கிய கல்லூரி அது. நம் ஆலயங்களில் நாம் இடும் காணிக்கை எங்கெங்கோ போய் என்னென்னவோ ஆகிறது என்று முணுமுணுப்பவர்களுக்கு இதைச் சொல்வேன். அங்கிருந்து ரோட்ஸ் உதவித்தொகை பெற்று ஆக்ஸ்ஃபோர்டு சென்ற அவர், பின்னர் அமெரிக்காவில் இருந்தபோது வழிநடத்திய அவ்வாய்வில் 2,569 நோயாளர் இருந்தனர். எனாலாப்ரில் பெற்றவர்களிடையே இறப்பு நூற்றுக்கு 16 பங்கு குறைந்தது.

இவ்வகை மாத்திரைகள் சிலருக்கு ஓயாத வறட்டு இருமலைத் தரும். அத்தகையோருக்கு ஆஞ்சியோடென்சினின் ஏற்பியையே அடைக்கும் லோசார்ட்டன், வால்சார்ட்டன், காண்டிசார்ட்டன் ஆகியவை உண்டு. வால்சார்ட்டனோடு சாகுபிட்ரில் என்ற மருந்தைச் சேர்த்த மாத்திரை எனாலாப்ரிலையும் விஞ்சியது என்று 8,000க்கும் மேற்பட்ட நோயாளரைக் கொண்டு 2014இல் காட்டப்பட்டது. 2023இல் அதன் காப்புரிமைக் காலம் இந்தியாவில் முடிந்தபின் நம் நாட்டு நிறுவனங்கள் பலவும் அதைச் செய்யத் தொடங்க, விலையும் இறங்கியது.

ஆல்டோஸ்டீரோனின் ஏற்பியை அடைக்கும் ஸ்பைரோனோலாக்டோன் மிகப் பழைய, மலிவான மாத்திரை. வீக்கம் வடிய நீர் பிரிப்பதற்கென்றே அதை நெடுங்காலம் கொடுத்து வந்தனர். 1999இல் வெளியான ஆய்வில், முற்றிய நோயாளர் 1,663 பேரிடையே சிறிய அளவில் அதைக் கொடுத்துப் பார்த்தபோது இறப்பு நூற்றுக்கு 30 பங்கு குறைந்தது. இதைச் சாப்பிடும் ஆண்கள் சிலருக்கு மார்பு வலித்துப் பருக்கும். வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்துவதைவிட மருத்துவரிடம் சொல்வது நல்லது. அத்தொல்லை குறைவான எப்லெரினோன் என்ற மாற்று உண்டு. இம்மாத்திரையும் முன் சொன்ன ஆஞ்சியோடென்சின் மாத்திரைகளும் இரத்தத்தில் பொட்டாசியத்தைக் கூட்டும். அது அளவு மீறினால் இதயத் துடிப்பே தடுமாறும் என்பதால் அவ்வப்போது இரத்தப் பரிசோதனை தேவை. உடலுக்குக் குளிர்ச்சி என்று நாள்தோறும் இளநீர் வாங்கிக் கொடுக்கும் அன்பான பிள்ளைகள் இதை அறிந்திருக்க வேண்டும். இளநீரில் பொட்டாசியம் மிகுதி.

இவ்வளவு மருந்துகள் இருந்தும் நம் நாட்டில் நிலை என்ன? திருவனந்தபுரத்தில் 2013இல் இந்நோயால் மருத்துவமனைகளில் சேர்ந்த 1,205 பேரைப் பதிவு செய்து தொடர்ந்து கவனித்தார்கள். அவர்களின் சராசரி வயது 61. இதயத்தின் வலு குறைந்தோரில், மேற்சொன்ன மூன்று வகை மருந்தும் கையில் பெற்று வீடு திரும்பியவர்கள் நால்வரில் ஒருவரே. மூன்று ஆண்டுகளுக்குள் நூற்றுக்கு ஏறக்குறைய 45 பேர் இறந்துவிட்டனர். சலீம் யூசுஃபின் குழுவினர் 16 நாடுகளில் 5,823 நோயாளரைத் தொடர்ந்து, 2017இல் வெளியிட்ட கணக்கு இன்னும் உறுத்துகிறது. ஓராண்டுக்குள் இறந்தோர் சீனாவில் நூற்றுக்கு 7 பேர். இந்தியாவில் 23 பேர். ஏழ்மை, தொலைவு, கல்வி, மருத்துவ வசதி எனக் காரணங்கள் பல. பங்குத் தந்தையாக என் கண்ணில் படுவது ஒன்று: தேறியதும் மருந்தை விடுவது.

அவ்வாறு விட்டால் என்ன ஆகும் என்பதை லண்டனில் முறைப்படி சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். இதயம் பெருத்துத் தளர்ந்து, மருந்தால் முற்றும் தேறி, எக்கோவிலும் நலமாகத் தெரிந்த 51 பேரை எடுத்துக்கொண்டார்கள். 25 பேருக்கு மருத்துவரின் நெருங்கிய கண்காணிப்பில் மருந்து படிப்படியாக நிறுத்தப்பட்டது, மற்றவர்கள் தொடர்ந்தனர். 2018இல் வெளியான முடிவின்படி, நிறுத்தியவர்களில் 11 பேருக்கு ஆறே மாதத்தில் நோய் திரும்பியது. தொடர்ந்தவர்களில் ஒருவருக்கும் திரும்பவில்லை. அதாவது, ஏற்பி அடைபட்டிருக்கும் வரைதான் இதயத்திற்கு இளைப்பாற்றி. சாவியை எடுத்துவிட்டால் சாட்டை மறுபடியும் உயரும். அதிலும் பீட்டா அடைப்பானைத் திடீரென நிறுத்துவது தனியாகவே ஆபத்தானது.

நம் பங்குக்காரர் வேளாங்கண்ணியில் இருந்து திரும்பிய நாளில் இதையெல்லாம் நான் அறிந்திருக்கவில்லை. ஆனால் அறிந்திருக்க வேண்டிய வேறொன்றை அறிந்தே இருந்தேன். அருள் இயற்கையை விலக்கிவிட்டு அதன் இடத்தில் உட்காருவதில்லை என்று தூய தோமா அக்குவினாரிடம் குருமடத்தில் கற்றோம். மருத்துவரையும் மண்ணில் விளையும் மருந்தையும் படைத்தவர் ஆண்டவரே என்று சீராக்கின் ஞான நூல் 38ஆம் அதிகாரம் கற்பிக்கிறது. செபிக்கச் சொல்லும் அதே அதிகாரம்தான் மருத்துவருக்கும் இடம் கொடுக்கச் சொல்கிறது. அவர் மருத்துவமனையில் இருந்து திரும்பியபின் இதை அவரிடம் சொன்னேன். சற்று நேரம் மௌனமாக இருந்துவிட்டு, "அப்படியானால் மாதா கொடுத்த சுகத்தை நானே கெடுத்துக்கொண்டேனா, சாமி?" என்று கேட்டார். "நாம் இருவரும் சேர்ந்து" என்றேன்.

இல்லங்களில் இந்நோய் உடையோர் இருந்தால் கவனிக்க வேண்டியவை சில உண்டு. காலையில் சிறுநீர் கழித்தபின் எடை பார்த்துக் குறித்து வையுங்கள். இரண்டு மூன்று நாள்களில் இரண்டு கிலோ கூடினால் அது சதையன்று, நீர். வீக்கம் தெரியுமுன்பே மருத்துவரிடம் செல்லலாம். கருவாடு, ஊறுகாய், அப்பளம் ஆகிய மூன்றும் உப்பின் கிடங்குகள். மூட்டுவலிக்கென்று கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரைகள் பல உப்பையும் நீரையும் தேக்கி, இம்மருந்துகளின் பயனைக் கெடுக்கும். ஆஸ்துமா உள்ளவர்கள் அதை முன்பே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். ஆஞ்சியோடென்சின் மருந்துகள் வயிற்றுக் குழந்தைக்குத் தீங்கு செய்பவை. கருவுற்றிருப்போரும் கருவுற எண்ணுவோரும் உடனே தெரிவிக்க வேண்டும்.

தவக்காலம் பற்றியும் ஒரு சொல். சாம்பல் புதனிலும் பெரிய வெள்ளியிலும் நோன்பிருக்கும் கடமை 18 வயது நிறைந்தவர்களுக்கு 60ஆம் வயது தொடங்கும் வரைதான் என்று திருச்சபைச் சட்டம் சொல்கிறது. நோயாளருக்கு எந்த வயதிலும் அக்கடமை இல்லை. உண்ணாமல் இருப்பதற்காக மாத்திரையையும் விடுகிற தாய்மார்களை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். பாவசங்கீர்த்தனத்தில் கேட்டால், நோன்பை விடச் சொல்லியே அனுப்புவேன்.

அவருடைய இதயம் முன்போல் முழுமையாகத் தேறவில்லை. ஆனால் படுத்து உறங்குகிறார். ஆலயத்திற்கு நடந்தே வருகிறார். கடைசி வரிசையில் மின்விசிறிக்கு அடியில் அமர்கிறார். சென்ற செப்டம்பரில் மீண்டும் வேளாங்கண்ணிக்குப் புறப்பட்டார். பேருந்து நிலையத்திற்குப் போகும் வழியில் பங்கு இல்லத்தில் வண்டியை நிறுத்தி, நான் கேட்குமுன்பே பையைத் திறந்து காட்டினார். செபமாலையும் பத்து நாள் மாத்திரையும் இருந்தன. கார்வெடிலாலை உணவோடு உண்ண வேண்டும் என்பதால், வீட்டம்மா இட்லியும் கட்டிக் கொடுத்திருந்தார்.